புறக்கோட்டையில் ஒரு தெருமகமை: கட்டட அளவில் காசு சேர்த்து நம் தெருவை நாமே பார்த்துக்கொள்ள முடியுமா?

குறுக்குத்தெருக் கடைக்காரன்:
வணக்கம். கொழும்புப் புறக்கோட்டையில் அப்பா தொடங்கிய புடவைக் கடையை இப்போது நான் பார்க்கிறேன். கொஞ்ச நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

போன மழையில் எங்கள் பக்கத்து வடிகான் அடைத்துக்கொண்டது. ஐந்து கடைக்காரர் சேர்ந்து காசு போட்டு, இரண்டு பேரைப் பிடித்து அள்ளினோம். அள்ளியதில் பாதி, மேல்பக்கத்துக் கடைகளின் பொலித்தீன். அந்தக் கடைகளில் ஒன்றும் ஒரு சதம் தரவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன்: கொடுக்காமலே கான் ஓடுமென்றால் யார்தான் கொடுப்பார்கள்?

இதற்கு வெளிநாடுகளில் ஒரு வழி இருக்கிறது. ஒரு வியாபாரப் பகுதிக்கு எல்லை குறிக்கிறார்கள். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் அளவையோ மதிப்பையோ வைத்து ஒரு தொகை. பெரும்பான்மை சம்மதித்துவிட்டால் எல்லோரும் கட்டவேண்டும், சம்மதிக்காதவரும்தான். வரியோடு சேர்த்து அரசோ நகர சபையோ அறவிட்டுக் கொடுக்கும். செலவழிப்பது அந்தப் பகுதிக்காரர்களின் சபை. கூட்டுவது, காவல், விளக்கு, கான், லொறி ஒழுங்கு என்று அந்த எல்லைக்குள் மட்டும். தவணை முடிந்தால் மறுபடி வாக்கு.

பிரதான வீதியிலிருந்து ஒரே ஒரு குறுக்குத் தெருவை எடுத்து இப்படித் தொடங்கலாமா? மனம் திறந்து சொல்லுங்கள்.

ஏற்கெனவே கட்டுகிறேன்:
நான் வருடா வருடம் ஜனவரி 31க்கு முன்னால் முழுச் சோலை வரியையும் (மாநகர சபைக்கான கட்டட வரி) கட்டி 10 வீதக் கழிவு எடுக்கிறவன். கான் அள்ளவும் குப்பை எடுக்கவும்தானே அந்தக் காசு? இன்னொன்று நாம் கட்டத் தொடங்கினால், "அதுதான் நீங்களே பார்க்கிறீர்களே" என்று மாநகர சபை கையைக் கழுவிவிடும். இதற்கு முதலில் பதில் வேண்டும்.

ஸ்கார்பரோ வாசி:
தம்பி, நான் 80களின் கடைசிவரை முதலாம் குறுக்குத் தெருவில் வேலை செய்தவன், இப்போது டொரொன்டோவில். நீங்கள் சொல்லும் முறை பிறந்ததே இந்த ஊரில்தான். புளோர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைத்தெருவில், 1970இல்.

அதன் கதை உங்கள் கான் கதைதான். தெருவில் டிராம் ஓடியவரை சனம் கடை வாசலில் இறங்கியது. 1968இல் நிலத்தடி ரயில் அந்தப் பக்கம் நீண்டதும் சனமும் நிலத்துக்கடியில் போய்விட்டது. பெரிய மோல்கள் வேறு. கடைக்காரர் சங்கம் விளக்கும் பூந்தொட்டியும் வைக்கக் காசு கேட்டது. சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. ஆனால் விளக்கு எல்லோர் வாசலிலும்தான் எரிந்தது. அதனால்தான் எல்லோரும் கட்டவேண்டும் என்று சட்டத்தைக் கேட்டு வாங்கினார்கள். இன்று டொரொன்டோவில் மட்டும் 80க்கு மேற்பட்ட பகுதிகள் இப்படி இருக்கின்றன.

முந்தியவரின் கேள்வி சரியான கேள்வி. இங்கிலாந்தில் அதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தொடங்கும் முன்பே, சபை இன்றைக்கு அந்தப் பகுதிக்கு என்ன செய்கிறது என்று எழுத்தில் வாங்கிவிடுவார்கள். கிழமைக்கு எத்தனை தரம் கூட்டுகிறது, எத்தனை விளக்குப் பார்க்கிறது என்பதெல்லாம் அதில் வரும். புதுக் காசு அதற்கு மேலேதான் போகவேண்டும். அந்தத் தாளில் சபையின் கையெழுத்து விழாமல் ஒரு ரூபாவும் சேர்க்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை 11:
எனக்கு வயது 74. செட்டியார் தெருவிலும் நாலாம் குறுக்குத் தெருவிலும் கணக்கு எழுதியே காலம் போனது. தம்பி தலைப்பில் போட்ட சொல்லைப் பார்த்துத்தான் எழுத வந்தேன்.

மகமை என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வந்த சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாங்களே எடுத்து ஒதுக்கும் காசு. கோயிலுக்குப் போகும், மடத்துக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்குப் போகும். விருதுநகர், சிவகாசிப் பக்கம் நாடார் வியாபாரிகள் மகமைக் காசில்தான் பள்ளிக்கூடங்களையே நடத்தினார்கள். நான் வேலை பார்த்த கடையிலும் பேரேட்டில் மகமைக்குத் தனிப் பக்கம் இருந்தது. ஆடிவேல் நெருங்கினால் முதலாளி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கச் சொல்வார்.

அதற்குச் சட்டம் இருக்கவில்லை, ஆனால் கட்டாதவன் இருக்கவில்லை. ஏனென்றால் எல்லோரும் ஒரே கோயிலில் கும்பிட்டார்கள், ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தார்கள். மகமை கட்டாதவனுக்கு நாளைக்குச் சரக்குக் கிடைக்காது. இன்றைக்கு உங்கள் தெருவில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், போரா வியாபாரிகள் எல்லோரும் இருக்கிறார்கள். கட்டடச் சொந்தக்காரர் பாதிப் பேர் தெருவுக்கே வருவதில்லை. அந்தப் பழைய கட்டு இல்லாத இடத்தில் எழுத்தில் ஒரு கட்டு வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

புதுக்கடைச் சட்டத்தரணி:
ஐயா சொன்ன எழுத்துக் கட்டு இலங்கையில் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரை தெளிவானது. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரமோ, ஏற்கெனவே நடைமுறையில் உள்ள சட்டத்தின் அதிகாரமோ இல்லாமல் எந்த உள்ளூராட்சி சபையும் வரியோ வேறு அறவீடோ விதிக்க முடியாது. ஆகவே 100 கடையில் 90 பேர் கையெழுத்து வைத்தாலும் மற்ற 10 பேரை வற்புறுத்தும் அதிகாரம் உங்கள் தெருச் சங்கத்துக்கு வராது.

ஆனால் இந்த யோசனை நம் சட்டத்துக்கு அந்நியம் இல்லை. வெள்ளவத்தையில் ஃபிளாட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு தொடர்மாடிக்கும் ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உண்டு. லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, காவல் எல்லாவற்றுக்கும் வீட்டின் பங்களவுக்கு ஏற்ப மாதக் காசு. கீழ்மாடிக்காரர் "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை" என்று ஒதுங்க முடியாது. நீங்கள் கேட்பது படுக்கப் போட்ட தொடர்மாடி ஒன்று. நிமிர்ந்து நிற்பதற்குச் சட்டம் இருக்கிறது, படுத்துக் கிடப்பதற்கு இல்லை.

அதுவரை ஒரு வழி: 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்று. இலாபம் பிரிக்க முடியாது. சேர்ந்தவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அவர்களிடம் நிலுவையை வழக்குப் போட்டு வாங்கலாம். சேராதவரைத் தொட முடியாது.

மேல்மாடி வாடகைக்காரர்:
எல்லோரும் கட்டடச் சொந்தக்காரர், கட்டடச் சொந்தக்காரர் என்கிறீர்கள். புறக்கோட்டையில் யார் சொந்தக்காரர்? நான் கீ மணி, அதாவது கடைக்குள் ஏற ஒரு முன்தொகை, கொடுத்து ஏறியவன். என் கட்டடத்துக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்கு மாதம் 10,000 கூடப் போட்டால், அடுத்த வாடகைக் கடுதாசியில் அது என் தலையில்தான் விழும். காசு நான் கட்டுவேன், வாக்கு அவர் போடுவார். அது நியாயமா?

பக்கத்துக் கடைக்காரரோ, வாடகையைக் கட்டுப்படுத்திய 1972 வாடகைச் சட்டத்தின் காலத்திலிருந்தே இருக்கிறவர். அவர் கொடுக்கும் வாடகை ஒரு நாள் தேநீர்ச் செலவுக்குக் காணாது. அவருடைய சொந்தக்காரரிடம் போய்த் தெருவுக்குக் காசு கேட்டால், "அந்தக் கட்டடத்தில் எனக்கு என்ன வருகிறது?" என்பார். அதுவும் நியாயம்தான். ஒரே சுவரின் இரண்டு பக்கத்திலும் இரண்டு நியாயம்.

குறுக்குத்தெருக் கடைக்காரன்:
இந்த மறுமொழியை நான் மூன்று தரம் வாசித்தேன். நான் சொந்தக் கட்டடத்தில் இருப்பதால் எனக்கு இது கண்ணில் படவே இல்லை.

தேடிப் பார்த்ததில், இங்கிலாந்தில் பெரும்பாலும் கடை நடத்துகிறவர்தான் கட்டுகிறார், வாக்கும் அவருக்கே. 2003ஆம் ஆண்டுச் சட்டம். அதில் இரண்டு பெரும்பான்மை வேண்டும்: வாக்களித்தவர்களில் தலைக்கணக்கில் பாதிக்கு மேல், அவர்களுடைய கட்டட மதிப்பிலும் பாதிக்கு மேல். பெரிய கடை தனியாகத் திணிக்க முடியாது, சின்னக் கடைகள் சேர்ந்து பெரியவர் தலையில் சுமத்தவும் முடியாது. அதிகபட்சம் ஐந்து வருடம், பிறகு திரும்பவும் வாக்கு. நமக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கலிபோர்னியாக் கணக்காளர்:
நான் வேலை செய்யும் நகரத்தில் இது கட்டடச் சொந்தக்காரர் கணக்கு. 1994இல் வந்த மாநிலச் சட்டம். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கட்டப்போகிறவர்கள் மனுவில் ஒப்பமிட்டால்தான் வேலையே தொடங்கும். பிறகு எல்லாச் சொந்தக்காரருக்கும் தபாலில் வாக்குச் சீட்டு, 45 நாள் அவகாசம், கடைசியில் பொதுக் கூட்டம். ஒரு சீட்டின் கனம் அவர் கட்டப்போகும் தொகையளவு. அந்தக் கனத்தில் எதிர்ப்பு மிஞ்சினால் திட்டம் அத்தோடு சரி.

இரண்டு விஷயம் நமக்கு உதவும். ஒன்று, மனுவில் ஒரே சொந்தக்காரரின் பங்கு மொத்தத்தில் 40 வீதத்துக்கு மேல் போனால், மிஞ்சியதை எண்ணமாட்டார்கள். ஆறு கட்டடம் வைத்திருக்கும் முதலாளி தனியாகத் தெருவை எழுதிக்கொள்ள முடியாது.

இரண்டாவதுதான் முக்கியம். 1996இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பில் சேர்த்த திருத்தம் ஒன்று உண்டு. ஒரு கட்டடத்துக்குத் தனியாகக் கிடைக்கும் பயனுக்கு மட்டும்தான் அறவிடலாம், ஊருக்கே பொதுவாகக் கிடைக்கும் பயனுக்கு முடியாது. அந்தப் பயனைப் பொறியியலாளர் ஒருவர் கட்டடம் கட்டடமாகக் கணக்கிட்டு அறிக்கை கொடுக்கவேண்டும். அரசுக் கட்டடமானாலும் பயன் இருந்தால் கட்டவேண்டும். உங்கள் பக்கத்தில் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் இருப்பதால் சொல்கிறேன்.

நானா ஹார்ட்வெயார்:
அஸ்ஸலாமு அலைக்கும். பழைய சோனகத் தெருவில் இரும்புக் கடை. கட்டடம் கட்டடமாகப் பயனைக் கணக்கிடுவது என்று தம்பி சொன்னாரே, நம் ஊரில் அதுதான் ஆகக் கஷ்டமான வேலை. சொல்கிறேன் கேளுங்கள்.

ஒரு கட்டடம் எடுப்போம். முன்னால் 10 அடி வாசல், உள்ளே 90 அடி ஆழம். தரையில் கடை. முதல் மாடியில் இன்னொருவரின் கடை. இரண்டாம் மாடியில் மூன்றாம் ஒருவரின் ஸ்டோர். மேலே தகரம் அடித்த அறையில் கடைப் பொடியன்கள் படுக்கிறார்கள். தெருவைக் கூட்டினால் தரைக் கடைக்கு வியாபாரம் கூடும், மேல் ஸ்டோருக்கு ஒன்றும் இல்லை. இரவுக் காவல் போட்டால் அந்த ஸ்டோருக்குத்தான் பெரிய பயன், அங்கேதானே சரக்குக் கிடக்கிறது. லொறி ஒழுங்கு வந்தால் மொத்த வியாபாரிக்கு நிம்மதி. மேல் படியில் இருக்கும் தையல்காரருக்கு என்ன?

சோலை வரிக்கு வைக்கும் வருடாந்தப் பெறுமதியை அப்படியே எடுத்தால் வேலை சுலபம், புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது கட்டடம் எவ்வளவு வாடகைக்குப் போகும் என்ற மதிப்பு, தெருவால் யாருக்கு எவ்வளவு நன்மை என்று அது சொல்லாது. என் யோசனை இரண்டு கணக்கு. கூட்டுவது, கான், விளக்கு இவற்றுக்கு வாசல் அகலம். காவலுக்கும் தீ ஏற்பாட்டுக்கும் தளப் பரப்பு. 100 கடை, மாதம் 5 லட்சம் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சத்தை வாசல் அடியில் பிரியுங்கள், 3 லட்சத்தைச் சதுர அடியில் பிரியுங்கள். மேல் ஸ்டோர்க்காரர் முதல் கணக்கில் தப்புவார், இரண்டாவதில் கட்டுவார்.

இன்னும் ஒன்று. சில கட்டடங்கள் வக்பு. பள்ளிவாசலுக்கு எழுதி வைத்தவை. கோயில் தர்மச் சொத்தும் இருக்கிறது. வேறு சிலவற்றின் உறுதியில் பிரிக்கப்படாத பங்காக 14 பேர், அதில் பாதிப் பேர் மௌத்தாகிவிட்டார்கள். யார் ஒப்பமிடுவது? நம்பிக்கைப் பொறுப்பாளர்களை இப்போதே போய்ப் பாருங்கள். வாக்கெடுப்புக்கு முதல் நாள் போய் நிற்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டுகிறேன்:
நானா சொன்ன இரண்டு கணக்கு எனக்கு விளங்குகிறது. எதற்குக் கட்டுகிறேன் என்று தெரிந்து கட்டுவது வேறு. தீ ஏற்பாட்டை இதில் சேர்த்தது நல்லது. 2023 அக்டோபரில் இரண்டாம் குறுக்குத் தெருவில் புடவைக் கடை தீப்பிடித்துப் பலர் காயப்பட்டதை மறக்க முடியுமா? மாடிப்படியில் பெட்டி அடுக்காமல் பார்க்க ஓர் ஆள் போட்டாலே அந்தக் காசு தகும்.

நடைபாதைக்காரர் மகள்:
எல்லாவற்றையும் வாசித்தேன். எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் அப்பா 22 வருடமாகப் புறக்கோட்டை நடைபாதையில் பெல்ட்டும் பர்ஸும் விற்று எங்களைப் படிக்க வைத்தார். நீங்கள் சொல்லும் காவலர் வந்தால் முதலில் யாரைத் துரத்துவார்? எங்களுக்கு வாசலும் இல்லை, சதுர அடியும் இல்லை, ஆகவே வாக்கும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில்தான் எங்கள் சோறு.

நான் படித்துப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நியூயோர்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையப் பகுதிச் சபைக்கு எதிராக 1998இல் இரண்டு தீர்ப்பு வந்தது. இல்லை, ஒன்றுதான் எதிராக. வீடில்லாதவர்களைப் பயிற்சி என்ற பெயரில் வேலைக்கு வைத்துச் சட்டப்படியான ஆகக் குறைந்த கூலி கொடுக்கவில்லை என்று தீர்ப்பானது. தீர்ப்பெழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், பிறகு அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றத்துக்கே நீதிபதியாகப் போனவர். மற்ற வழக்கில், சபையில் கட்டடச் சொந்தக்காரருக்குப் பெரும்பான்மை இருப்பது செல்லும் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். அப்படியென்றால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கலாம். அதனால்தான் சட்டம் வரும் முன்பே, இப்போது, உங்களிடம் கேட்கிறேன்.

மேல்மாடி வாடகைக்காரர்:
தங்கச்சி சொல்வது உண்மை. நடைபாதையில் சனம் நின்றால்தான் படியேறி என் கடைக்கும் வருகிறது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் கடை திறந்தாலும் கீழே விற்பவர்கள் இல்லாவிட்டால் தெரு செத்துக் கிடக்கும்.

கணக்குப்பிள்ளை 11:
மகளே, மகமைக் காலத்திலும் நாட்டாமிமார் கணக்கில் இருக்கவில்லை. மூட்டை சுமந்தவர்கள் அவர்கள், மூட்டைக்கு மகமை எடுத்தவர்கள் நாங்கள். அது பிழை என்று இப்போதுதான் எழுதுகிறேன்.

விற்பனைப் பெண்:
ஒரே ஒரு விஷயம். காலை 9 மணிக்குக் கடைக்கு வந்தால் மாலை 6:30 வரை நிற்கிறோம். என் கடையில் டொயிலட் இல்லை. இரண்டு தெரு தள்ளிப் போகவேண்டும், முதலாளி நேரம் பார்ப்பார். அதனால் நானும் என்னோடு இருக்கும் பிள்ளைகளும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. பூந்தொட்டி, கேமரா எல்லாம் பிறகு வையுங்கள். சுத்தமான, பூட்டுப் போட்ட, பெண்களுக்கான டொயிலட் ஒன்று. வாங்க வரும் பெண்களும் அதைத்தான் தேடுகிறார்கள், எங்களிடம்தான் கேட்கிறார்கள்.

புதுக்கடைச் சட்டத்தரணி:
இதை வாசித்தபின் சொல்கிறேன். கம்பனியின் அமைப்பு விதிகளை நான் காசு வாங்காமல் எழுதித் தருகிறேன். இயக்குநர் சபையில் கட்டடச் சொந்தக்காரர், வாடகைக்காரர் இரண்டு பக்கத்துக்கும் சம இடம். நடைபாதை வியாபாரிகளுக்கு இரண்டு, வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. சட்டம் வராதவரை இது விருப்பக் கம்பனிதானே, நாம் எழுதுவதுதான் விதி. யாரையும் இடம்பெயர்ப்பதற்கு இந்தக் காசு செலவழியாது என்று நோக்கங்களிலேயே போடலாம். ஒரு வருடம் திறந்த கணக்கோடு நடத்திக் காட்டினால், மாநகர சபையிடமும் பாராளுமன்றத்திடமும் சட்டம் கேட்கும்போது கையில் ஏதாவது இருக்கும்.

ஸ்கார்பரோ வாசி:
கணக்கை மாதா மாதம் தெருவில் ஒட்டுங்கள். மூன்று மொழியிலும்.

குறுக்குத்தெருக் கடைக்காரன்:
சரி. நான் எழுதத் தொடங்கியபோது மனதில் இருந்தது கான், விளக்கு, காவல். இப்போது வரிசையை மாற்றுகிறேன். முதல் வேலை டொயிலட். எங்கள் கடையின் பின்பக்கம் அப்பா காலத்து ஸ்டோர் அறை ஒன்று சும்மா கிடக்கிறது, தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் பக்கத்திலேயே போகின்றன. அதைத் தருகிறேன். கட்டும் செலவை நானா சொன்ன வாசல் கணக்கில் பிரித்துப் பார்ப்போம். கட்டச் சம்மதிக்கிறவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சபையிடம் எழுத்தில் வாங்கவேண்டிய தாளை, "ஏற்கெனவே கட்டுகிறேன்" அண்ணா, நீங்களே எழுதவேண்டும். உங்கள் கையிலிருந்து வந்தால்தான் அது இறுக்கமாக இருக்கும். நடைபாதைக்காரர் மகளிடம் ஒரு கேட்பு: அப்பாவோடு உங்கள் பக்கத்தில் இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வர முடியுமா? தெருவை அளக்கப் போகிறோம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறிக்கும்போது நடைபாதை இடங்களும் அந்தப் படத்தில் வரவேண்டும்.

நடைபாதைக்காரர் மகள்:
அப்பா வருவார். ஞாயிறு காலை 7 மணிக்கு அவர் தட்டு விரிக்கும் முன்னால் என்றால் நல்லது. 9 மணிக்குப் பிறகு சனம் வந்துவிடும்.

ஏற்கெனவே கட்டுகிறேன்:
தாளை எழுதுகிறேன். இந்தக் கிழமையே நின்று எண்ணப் போகிறேன், சபையின் குப்பை லொறி எத்தனை தரம் வருகிறதென்று.

நானா ஹார்ட்வெயார்:
7 மணிக்கு வருகிறேன். 100 அடி அளவு நாடா என் கடையிலேயே இருக்கிறது. மேல்மாடிப் படிச் சாவிகள் யார் யாரிடம் என்று சனிக்கிழமைக்குள் கேட்டு வையுங்கள், ஞாயிறு ஒருவரையும் பிடிக்க முடியாது.